பேரைச் சேர்க்கிறது சுலபம், நீக்கறதுதான் நிர்வாகம்: ஃப்ரீஐபிஏ-வில் ஹோஸ்ட் பதிவுகளை ஆட்டோமேட் செய்வது



உங்க டிபார்ட்மென்ட் லேப்ல போய் மூணு கேள்வி கேட்டுப் பாருங்க. இங்க எத்தனை மெஷின் இருக்கு? ஒவ்வொண்ணுக்கும் யார் பொறுப்பு? போன வருஷம் கழிச்சுக் கட்டின மெஷின்களோட பேர் இன்னும் சர்வர்ல இருக்கா? முதல் கேள்விக்கு எண்ணிப் பார்த்துச் சொல்லிடுவாங்க. ரெண்டாவதுக்கு ஒரு எக்ஸெல் ஷீட் வெளியே வரும். மூணாவதுக்குப் பெரும்பாலும் பதிலே வராது.

இந்தப் பாடம் அந்த மூணாவது கேள்வியைப் பத்தினது. ஃப்ரீஐபிஏ என்ற அடையாள நிர்வாக மென்பொருள்ல ஹோஸ்ட் பதிவு என்றால் என்ன, அதைக் கையால செய்யாம ஆன்சிபிள் வழியா எப்படிச் செய்வது, எங்கே சறுக்கும் என்று வரிசையா பார்க்கலாம். லினக்ஸ்ல டெர்மினல் திறந்து நாலு கட்டளை அடிக்கத் தெரிஞ்சிருந்தா போதும். கட்டளைகளோட பேரை இங்கே உச்சரிப்புப்படி தமிழ்ல எழுதியிருக்கேன். டெர்மினல்ல ஆங்கிலத்துல அடிச்சுக்கோங்க.

1. ஹோஸ்ட் பதிவு என்றால் என்ன?

இணையத்தோட தாத்தாவான ஆர்ப்பாநெட் காலத்துல, நெட்வொர்க்ல இருந்த எல்லா மெஷின்களோட பேரும் முகவரியும் ஒரே ஒரு ஃபைல்ல இருந்தது. அதுக்குப் பேர் ஹோஸ்ட்ஸ் டாட் டெக்ஸ்ட். அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லர் தலைமையிலான குழு அதைப் பராமரிச்சது. புது மெஷின் வந்தா அவங்களுக்குச் சொல்லணும், அவங்க ஃபைல்ல சேர்ப்பாங்க, மத்தவங்க எல்லாரும் அதை இறக்கிக்கணும். மெஷின்கள் பெருகினதும் இது தாங்கல. 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ் முறையை வடிவமைச்சார். பேரைக் கொடுத்தா முகவரி கிடைக்கிற வேலை அதோட தீர்ந்தது.

ஆனா டிஎன்எஸ் ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும்: "இந்தப் பேருக்கு என்ன முகவரி?" "இந்த மெஷின் நிஜமாவே நம்ம மெஷின்தானா? இதுல யார் லாகின் பண்ணலாம்? யாருக்கு சூடோ உரிமை உண்டு?" இதெல்லாம் அடையாளம் சம்பந்தப்பட்ட கேள்விகள். அதுக்குத்தான் ஃப்ரீஐபிஏ.

ஃப்ரீஐபிஏ, ரெட் ஹாட் ஆதரவோடு வளர்கிற கட்டற்ற மென்பொருள். பல தனித்தனி மென்பொருள்களைச் சேர்த்துக் கட்டினது. பேர்களை வைக்க 389 டைரக்டரி சர்வர், அடையாளத்தை உறுதி செய்ய எம்ஐடி கெர்பரோஸ், சான்றிதழ் கொடுக்க டாக்டேக், தேவைப்பட்டால் டிஎன்எஸ்-க்கு பைண்ட். கிளையன்ட் மெஷின் பக்கம் எஸ்எஸ்எஸ்டி என்ற சேவை ஓடும்.

இதுல பயனருக்கு ஒரு பதிவு இருக்கிற மாதிரி, மெஷினுக்கும் ஒரு பதிவு உண்டு. அதுதான் ஹோஸ்ட் பதிவு. அதுல மெஷினோட முழுப்பெயர், விவரம், இருக்கும் இடம், ஓஎஸ், மேக் முகவரி, எஸ்எஸ்ஹெச் பொதுச் சாவி, சான்றிதழ் எல்லாம் இருக்கலாம். முக்கியமானது ஒண்ணு: மெஷினுக்கும் சர்வருக்கும் மட்டும் தெரிஞ்ச கெர்பரோஸ் ரகசியச் சாவி. மெஷின் பக்கம் அது கீடேப் என்ற ஃபைல்ல உட்கார்ந்திருக்கும். மனுஷனுக்கு பாஸ்வேர்டு எப்படியோ, மெஷினுக்குக் கீடேப் அப்படி. மனுஷன் பாஸ்வேர்டை மறப்பான். ஹார்ட் டிஸ்க் மறக்காது. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

2. கையால செய்தா என்ன?

ஒரு மெஷினைச் சேர்க்க வேண்டிய படிகள் இவை:

1. சர்வர்ல ஐபிஏ ஹோஸ்ட்-ஆட் கட்டளையால் பதிவை உருவாக்கணும். பேர் டிஎன்எஸ்-ல் ஏற்கெனவே இருக்கணும். இல்லைன்னா ஐபி முகவரியைச் சேர்த்துக் கொடுக்கணும். ரெண்டும் இல்லாம அடிச்சா மறுத்துடும்.
2. அதே கட்டளையோட ரேண்டம் என்ற ஆப்ஷனைக் கொடுத்தா, ஒரே முறை பயன்படுகிற ஒரு பாஸ்வேர்டு கிடைக்கும்.
3. கிளையன்ட் மெஷின்ல ஐபிஏ-கிளையன்ட்-இன்ஸ்டால் கட்டளையை அந்தப் பாஸ்வேர்டோட ஓட்டணும். மெஷின் சேர்ந்ததும் அந்தப் பாஸ்வேர்டு செல்லாது. அதுக்குப் பதிலா கீடேப் வந்துடும்.
4. மெஷினைச் சரியான ஹோஸ்ட் குழுவில் போடணும். லாகின் விதிகளும் சூடோ விதிகளும் பொதுவா குழுவை வச்சுத்தான் எழுதப்படும்.

ஒரு மெஷினுக்கு 5 நிமிஷம்னு வச்சுக்குவோம். 60 மெஷின் லேப்புக்கு 300 நிமிஷம், அதாவது 5 மணி நேரம். அதுவே தலைவலிதான், ஆனா பெரிய பிரச்சனை நேரம் இல்ல. நாற்பதாவது மெஷின்ல கை தவறி 2-க்குப் பதில் 3 அடிச்சா, அந்த மெஷின் வேற லேப் குழுவுக்குப் போயிடும். அங்கே யாருக்கு உரிமை உண்டோ அவங்க இங்கே உள்ள வருவாங்க. யாருக்கும் எர்ரர் வராது. எல்லாம் "வேலை செய்யும்". அதனாலதான் இது ஆபத்து.

3. உத்திரமேரூர் சுவர் சொல்ற பாடம்

ஆட்டோமேஷனுக்குள்ள போறதுக்கு முன்னாடி, ஒரு பட்டியலை ஒழுங்கா நடத்த என்னென்ன விதி வேணும்னு யோசிக்கணும். ராஜகுளத்தைச் சுத்தி இருக்கிற நமக்கு இதுக்கு நல்ல உதாரணம் பக்கத்துலயே இருக்கு. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டுகள்.

குடவோலை முறைன்னு பள்ளியில படிச்சிருப்போம். பானையில ஓலை போட்டு எடுக்கிறதுதான் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ஆனா அந்தக் கல்வெட்டுல குலுக்கல் ஒரு பகுதிதான். கணிசமான இடம் எடுத்துக்கிறது, யார் பேர் பானைக்குள்ள போகலாம், யார் பேர் போகக்கூடாது என்ற விதிகள்.

ஊர் 30 குடும்புகளா, அதாவது 30 வார்டுகளா பிரிக்கப்பட்டிருந்தது. வாரியத்துக்கு வர்றவருக்கு வரி கட்டுற நிலம் கால் வேலிக்கு மேல இருக்கணும், சொந்த மனையில வீடு இருக்கணும், வயசு 35-க்கு மேல 70-க்குள்ள இருக்கணும், வேதம் படிச்சிருக்கணும். அடுத்து தடைகள்: கடந்த 3 வருஷத்துல வாரியத்துல இருந்தவர் பேர் வரக்கூடாது. வாரியத்துல இருந்து கணக்குக் காட்டாதவர் பேரும், அவரோட குறிப்பிட்ட உறவினர்கள் பேரும் வரக்கூடாது. பதவிக்காலம் 360 நாள். அது முடிஞ்சதும் இறங்கிடணும். இது ஒரு பிராமணச் சபையோட விதி, ஊர்ல இருந்த எல்லாருக்கும் பங்கு கொடுத்த தேர்தல் இல்ல என்பதையும் சேர்த்தே ஞாபகம் வச்சுக்கணும். ஆனா பட்டியல் நிர்வாகமா பார்த்தா நமக்கு நாலு விஷயம் கிடைக்குது.

ஒண்ணு, சேர்க்க விதி இருக்கிற மாதிரி விலக்கவும் விதி இருக்கு. ரெண்டு, காலாவதி முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கு. யாரும் வந்து ஞாபகப்படுத்த வேண்டியதில்ல. மூணு, விதி ஒருத்தர் மூளைக்குள்ள இல்ல, எல்லாரும் பார்க்கிற சுவர்ல இருக்கு. நாலாவதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது: முதலாம் பராந்தகனோட 12-ம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 919-ல் ஒரு விதித் தொகுப்பு வெட்டினாங்க. ரெண்டே வருஷத்துல, 921-ல், அதைத் திருத்தி இன்னொண்ணு வெட்டினாங்க. பழசும் அழியாம இருக்கு, புதுசும் இருக்கு. கிட் பயன்படுத்துறவங்களுக்கு இது புரியும்: ரெண்டு கமிட், ரெண்டும் ஹிஸ்டரியில இருக்கு.

இந்த நாலையும் நம்ம லேப்புக்குக் கொண்டு வருவோம்.

4. பட்டியலை முதல்ல எழுதுங்க

ஆன்சிபிள் என்பது "இந்த நிலை வேணும்" என்று நாம எழுதிக் கொடுத்தா, அந்த நிலைக்குக் கொண்டு வர்ற கருவி. ஏற்கெனவே அந்த நிலையில இருந்தா ஒண்ணும் செய்யாது. அதனால ஒரே பிளேபுக்கைப் பத்து தடவை ஓட்டினாலும் பத்து பதிவு உருவாகாது. ஃப்ரீஐபிஏ-வுக்குன்னே ஆன்சிபிள்-ஃப்ரீஐபிஏ என்ற தொகுப்பு இருக்கு. அதுல ஐபிஏஹோஸ்ட் என்ற மாட்யூல்தான் நமக்கு வேணும்.

அதுக்கு முன்னாடி ஒரு யாம்ல் ஃபைல் எழுதுங்க. ஒவ்வொரு மெஷினுக்கும் ஆறு விஷயம்: முழுப்பெயர், ஐபி முகவரி, மேக் முகவரி, எந்த லேப், யார் பொறுப்பு, காலாவதி தேதி. கடைசி ரெண்டும் மெஷினுக்குத் தேவையில்ல, மனுஷங்களுக்குத் தேவை. பொறுப்பு என்ற இடத்துல ஆள் பேரை எழுதாம பதவியை எழுதுங்க. ஆள் மாறுவார், பதவி இருக்கும். காலாவதியா உத்தரவாதம் முடியும் நாளைப் போடலாம், இல்ல கல்வியாண்டு முடிவைப் போடலாம். இந்த ஃபைல் கிட்-ல இருக்கட்டும். இதுதான் நம்ம கோயில் சுவர். லேப் அசிஸ்டென்ட் மாறினாலும், சீனியர் பேட்ச் கிளம்பிப் போனாலும் பட்டியல் நிக்கும்.

பேர் வைக்கிறதுலயும் ஒழுங்கு வேணும். லேப் எண், மெஷின் எண் ரெண்டும் பேர்லயே தெரியணும். சினிமா நடிகர் பேர், கிரகங்கள் பேர் எல்லாம் 5 மெஷினுக்கு ஜாலியா இருக்கும், 60-க்குத் தாங்காது. டொமைன் கடைசியில "லோக்கல்" என்று வைக்காதீங்க, அது மல்டிகாஸ்ட் டிஎன்எஸ்-க்கு ஒதுக்கப்பட்டது.

5. சேர்க்கும் பாதி

ஐபிஏஹோஸ்ட் மாட்யூலுக்கு நிலை மூணு வகையில கொடுக்கலாம்: இருக்கணும், முடக்கணும், இல்லாம போகணும். சேர்க்கிறதுக்கு முதல் நிலை. பிளேபுக் நம்ம யாம்ல் பட்டியலை ஒவ்வொண்ணா எடுத்து, ஐபி, மேக், விவரம் எல்லாம் போட்டுப் பதிவை உருவாக்கும். ரேண்டம் ஆப்ஷன் கொடுத்தா ஒருமுறை பாஸ்வேர்டும் வரும். அதை அடுத்த படிக்கு எடுத்துக்கிட்டுப் போய் கிளையன்ட்டைச் சேர்த்துடலாம்.

இங்க ஒரு சின்ன இடறல். ஏற்கெனவே சேர்ந்துட்ட மெஷினுக்கு ஒருமுறை பாஸ்வேர்டு போட முடியாது, சர்வர் மறுக்கும். அதனால பாஸ்வேர்டு உருவாக்கும் படியைப் புது மெஷினுக்கு மட்டும் ஓடுற மாதிரி எழுதணும்.

குழுவில் சேர்க்கும் வேலையை ஃப்ரீஐபிஏ-விடமே விட்டுடலாம். ஆட்டோமெம்பர் என்று ஒரு வசதி இருக்கு. "பேர் இந்த மாதிரி தொடங்கினா இந்த ஹோஸ்ட் குழு" என்று ரெகுலர் எக்ஸ்பிரஷன்ல ஒரு விதி எழுதிட்டா போதும், புதுசா வர்ற ஒவ்வொரு மெஷினும் தானா சரியான குழுவுக்குப் போகும். பேரை ஒழுங்கா வைக்கச் சொன்னது இதுக்குத்தான். ஏற்கெனவே இருக்கிற மெஷின்கள் மேல இந்த விதி தானா பாயாது. அதுக்கு ஆட்டோமெம்பர்-ரீபில்ட் கட்டளையை ஒரு தடவை ஓட்டணும்.

இன்னொரு விஷயம். ஃப்ரீஐபிஏ நிறுவினதும் "அலோ-ஆல்" என்ற விதி இயங்கிக்கிட்டிருக்கும்: எந்தப் பயனரும் எந்த மெஷின்லயும் நுழையலாம். நீங்க குழுவெல்லாம் அழகா பிரிச்சு விதி எழுதினாலும், இதை முடக்காத வரைக்கும் அந்தப் பிரிவுக்கு அர்த்தமே இல்ல. முதல்ல உங்க விதிகளைச் சோதிச்சுப் பாருங்க, அப்புறம் இதை முடக்குங்க. வரிசை மாறினா எல்லாரும் வெளியே நிப்பாங்க.

6. நீக்கும் பாதி

இப்பதான் விஷயத்துக்கு வர்றோம்.

யாம்ல் பட்டியல்ல இருந்து ஒரு மெஷினோட வரியை அழிச்சுட்டு பிளேபுக்கை ஓட்டினா என்ன ஆகும்? பலர் "சர்வர்லயும் அழிஞ்சுடும்" என்று நினைப்பாங்க. அழியாது. ஆன்சிபிள் நாம சொன்ன பேர்களை மட்டும்தான் பார்க்கும். சொல்லாத பேரைப் பத்தி அதுக்குக் கவலையே இல்ல. பட்டியல்ல மெஷின் இல்ல, சர்வர்ல இருக்கு. இது கையால செய்ததை விட மோசம், ஏன்னா இப்ப பட்டியல் சுத்தமா இருக்குன்னு நமக்கு ஒரு நம்பிக்கை வேற வந்துடும்.

அந்தப் பேர் இருந்தா என்ன நஷ்டம்? கீடேப்பை ஞாபகப்படுத்திக்கோங்க. பழைய மெஷினை டிஸ்க்கோட காயலான் கடைக்குப் போட்டாச்சு. டிஸ்க்ல கீடேப் இருக்கு. சர்வர்ல பதிவும் இருக்கு. அந்த டிஸ்க்கை வாங்கினவர் நம்ம நெட்வொர்க்குக்குள்ள வந்து "நான்தான் அந்த மெஷின்" என்று சொன்னா, சர்வர் நம்பும். நம்பாம இருக்க அதுகிட்ட எந்தக் காரணமும் இல்ல. அந்த மெஷினுக்கு எதையெல்லாம் படிக்க அனுமதி உண்டோ, அதையெல்லாம் அவர் படிப்பார். பயனர் பேர்கள், குழுக்கள், விதிகள். ஒரு மனுஷனோட பாஸ்வேர்டு கசிஞ்சா அவராவது சந்தேகப்பட்டுப் புகார் கொடுப்பார். மெஷின் புகார் கொடுக்காது.

அதனால ஒரு மெஷினுக்கு ரெண்டு கட்டமா விடை கொடுங்க.

முதல் கட்டம், முடக்குவது. ஹோஸ்ட்-டிசேபிள் செய்தா சர்வர் பக்கம் இருக்கிற சாவி நீங்கிடும், சான்றிதழ் ரத்தாகும், அந்த மெஷின்ல ஓடுற சேவைகளும் முடங்கும். பதிவு மட்டும் இருக்கும். டிஸ்க்ல இருக்கிற கீடேப் அந்த நிமிஷத்துல இருந்து வெறும் ஃபைல்தான். தப்பா முடக்கிட்டாலும் பயமில்ல: புது ஒருமுறை பாஸ்வேர்டு போட்டு மறுபடி சேர்த்துக்கலாம், குழு விவரமெல்லாம் அப்படியே இருக்கும். ஃபார்மேட் பண்ணி ஓஎஸ் புதுசா போடும்போதும் இதே வழிதான்.

ரெண்டாம் கட்டம், நீக்குவது. ஹோஸ்ட்-டெல் பதிவையே எடுத்துடும். அப்டேட் டிஎன்எஸ் ஆப்ஷனைச் சேர்த்துக் கொடுத்தால்தான் டிஎன்எஸ் பதிவும் போகும்; இல்லைன்னா பேர் மட்டும் அங்கே பேய் மாதிரி சுத்தும். முடக்கி 30 நாள் கழிச்சு நீக்கலாம் என்று ஒரு விதி வச்சுக்கலாம். யாராவது "என் மெஷின் வேலை செய்யல" என்று வர்றதுக்கு அது போதுமான அவகாசம்.

ஒழுங்கான வழி, மெஷின் கையில இருக்கும்போதே அதுல ஐபிஏ-கிளையன்ட்-இன்ஸ்டால் கட்டளையை அன்இன்ஸ்டால் ஆப்ஷனோட ஓட்டுறது. அது சர்வருக்கும் சொல்லிட்டுக் கிளம்பும். ஆனா செத்துப் போன மெஷின்ல எதையும் ஓட்ட முடியாது. அதனால சர்வர் பக்க வழி கட்டாயம் வேணும்.

இதை ஆட்டோமேட் பண்ண, யாம்ல் பட்டியல்ல வரியை அழிக்காதீங்க. ஒவ்வொரு மெஷினுக்கும் "நிலை" என்று ஏழாவதா ஒரு விவரம் சேருங்க: இருக்கு, முடக்கியது, போயாச்சு. காலாவதி தேதி தாண்டினதும் ஒரு சின்ன பைத்தான் நிரல் நிலையை "முடக்கியது" என்று மாத்திப் பொறுப்பாளர் பார்வைக்கு அனுப்பட்டும். அவர் சரின்னா கிட்-ல சேரும், பிளேபுக் ஓடும். உத்திரமேரூர்ல 360 நாள் முடிஞ்சதும் யாரும் கேட்காமலே காலம் முடிஞ்ச மாதிரி, இங்கேயும் தொடரணும்னா யாராவது "ஆமா, வேணும்" என்று சொல்லியாகணும். சும்மா இருந்தா நீக்கம்தான்.

7. சறுக்கும் இடங்கள்

*100 என்ற எல்லை.* பட்டியலையும் சர்வரையும் ஒப்பிட்டுப் பார்க்க ஹோஸ்ட்-ஃபைண்ட் கட்டளையைப் பயன்படுத்துவீங்க. அது இயல்பா 100 பதிவுகள் மட்டும்தான் காட்டும். 150 மெஷின் இருந்தா 50 கண்ணுக்கே தெரியாது. சைஸ்லிமிட் ஆப்ஷனை 0 என்று கொடுத்தா எல்லை நீங்கும்.

*காலிப் பட்டியல்.* "பட்டியல்ல இல்லாததை எல்லாம் நீக்கு" என்று ஒரு நிரல் எழுதினீங்கன்னு வச்சுக்குவோம். ஒரு நாள் யாம்ல் ஃபைல் திறக்காம காலியா வந்தா, நிரல் எல்லா மெஷினையும் நீக்கிடும். அதனால ஒரு தடுப்பு எழுதுங்க: ஒரே ஓட்டத்துல 5-க்கு மேல நீக்க வேண்டி வந்தா, நின்னு மனுஷனைக் கேட்கணும். அதோட ஆன்சிபிள்ல செக் மோடு இருக்கு. எதையும் மாத்தாம என்ன மாறும்னு மட்டும் சொல்லும். முதல்ல அதை ஓட்டுங்க.

*அட்மின் பாஸ்வேர்டு.* பிளேபுக்குக்குள்ள அட்மின் பாஸ்வேர்டை எழுதி கிட்-ல போடாதீங்க. ஹோஸ்ட் நிர்வாகத்துக்கு மட்டும் உரிமை உள்ள தனிக் கணக்கு உருவாக்குங்க. அதுக்கான "ஹோஸ்ட் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்" உரிமைத் தொகுப்பு ஃப்ரீஐபிஏ-விலேயே இருக்கு. பாஸ்வேர்டை ஆன்சிபிள் வால்ட்ல வைங்க.

*கடிகாரம்.* கெர்பரோஸ் இயல்பா 5 நிமிஷ நேர வித்தியாசம் வரைக்கும்தான் பொறுத்துக்கும். பயாஸ் பேட்டரி செத்த பழைய மெஷின்கள் சேர மறுத்தா, முதல்ல நேரத்தைப் பாருங்க.

8. நீங்களே செய்து பாருங்க

4 ஜிபி ராம் ஒதுக்கி ஒரு விர்ச்சுவல் மெஷின்ல ஃபெடோராவோ ராக்கி லினக்ஸோ போட்டு ஃப்ரீஐபிஏ சர்வர் நிறுவுங்க. கிளையன்ட்டுக்கு இன்னொரு சின்ன மெஷின். அப்புறம் இந்த மூணு வேலை:

1. 10 கற்பனை மெஷின்களை யாம்ல் பட்டியல்ல எழுதிப் பிளேபுக்கால சேருங்க. ரெண்டாவது தடவை ஓட்டுங்க. "மாற்றம் 0" என்று வரணும். வரலைன்னா ஏன் என்று கண்டுபிடிங்க.
2. கிளையன்ட்டைச் சேர்த்து, அதோட கீடேப் ஃபைலை ரூட் பயனரா வேற இடத்துல நகல் எடுத்து வைங்க. அந்த நகலை வச்சு கேஇனிட் கட்டளை ஓட்டினா டிக்கெட் கிடைக்கும். இப்ப சர்வர்ல ஹோஸ்ட்டை முடக்கிட்டு, அதே நகலை வச்சு மறுபடி முயற்சி பண்ணுங்க. ரெண்டு விடைக்கும் உள்ள வித்தியாசம்தான் இந்தப் பாடம் முழுக்க.
3. நிலை, காலாவதி ரெண்டையும் படிச்சு, இன்னைக்கு எந்தெந்த மெஷினை முடக்கணும்னு மட்டும் பட்டியல் போடுற பைத்தான் நிரல் எழுதுங்க. 30 வரிக்குள்ள முடிக்கலாம்.

மூணாவது வேலையை முடிச்சவங்க, லேப் இன்-சார்ஜ் கிட்ட அனுமதி வாங்கிட்டு, உங்க லேப்புக்கான விதியை ஒரே ஒரு பக்கத்துல எழுதுங்க: ஒரு மெஷின் எப்ப உள்ளே வரும், யார் பொறுப்பு, எப்ப வெளியே போகும். நிரல் எழுதறதை விட அந்த ஒரு பக்கம் எழுதறது கஷ்டமா இருக்கும். முதல் தடவையே சரியா வரணும்னு இல்ல. கல்லுல வெட்டினவங்களே ரெண்டு வருஷத்துல திருத்தினாங்க.